மடைதிறந்தாளுக்குச் சொல்ல வேண்டிய பதில்

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளுக்கு, நீ போன் செய்யும்போது தப்பித்தவறி நான் எடுத்துவிட்டால் "அம்மாகிட்ட குடுங்க" என்று மட்டும் சொல்கிறாயே, அந்த ஆள் எழுதுகிறேன். போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, வாசலில் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விடுகிறேன். வாசலில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. செருப்புகளை நேராக எடுத்து வைப்பேன். உள்ளே நீ பேசுவது ஸ்பீக்கரில் லேசாகக் கேட்கும், சிரித்தால் மட்டும் தெளிவாகக் கேட்கும். போன சித்திரையிலிருந்து நான் உன்னோடு பேசிக்கொண்டிருப்பது இந்த லட்சணத்தில்தான்.

இதை எழுத உட்கார வைத்தது ஒரு கேள்வி. சித்திரை பிறக்கப்போகிறது. நம் மடைதிறந்தாள் கோவிலின் வருஷத் திருவிழாவுக்கு, அதான் கொடைக்கு, நாள் குறித்தாயிற்று. வில்லுப்பாட்டுப் புலவர் தாம்பூலம் வாங்கிப்போக வந்திருந்தார். காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார்: "அண்ணாச்சி, இந்த வருசம் எந்தக் கதையப் படிக்க? பழசா, நீங்க எழுதிக் குடுத்த புதுசா?" அவர் குத்திக்காட்டவில்லை. கூப்பிட்ட வீட்டுக்காரர் சொன்னபடி பாடிவிட்டுப் போகிறவர் அவர். எனக்குத்தான் காது இரண்டும் சூடாகிவிட்டன. "யோசிச்சுச் சொல்லுதேன் வே" என்றேன். அடுப்படியில் உன் அம்மா ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள். புலவர் போன பிறகு வெளியே வந்து, "இதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

நாம் இருவரும் விளையாடிய ஒரு விளையாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். பாளையங்கோட்டையில் குடியிருந்தபோது, லீவு விட்டால் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் நம் ஊருக்கு பஸ் ஏறுவோம். ஜன்னல் சீட்டு உனக்கு. சேரன்மகாதேவி தாண்டியதும் நீ ஆரம்பிப்பாய்: "அப்பா, இன்னைக்கு ஒங்க கலகக்காரர் யாரு?" புராணத்திலிருந்தோ கதைப் புத்தகத்திலிருந்தோ, எதிர்த்து நின்ற ஒருவரைச் சொல்ல வேண்டும். ஏன் பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குள் நுழைந்தவளை நான் சொல்வேன். பணக்காரனைக் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுக்கும் திருடனைச் சொல்வேன். நீ சொன்ன ஆட்கள் வேறு மாதிரி. பெற்ற அப்பனே "நான்தான் கடவுள்" என்று சொல்லச் சொன்னபோது, மாட்டேன் என்று நின்ற அசுரன் வீட்டுப் பிள்ளை உனக்கு எப்போதும் முதலில் வருவான். குருதட்சிணையாகக் கட்டைவிரலை வெட்டிக் கொடுத்தவனை நான் ஒருநாள் சொன்னபோது நீ ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் எதுத்து ஒரு வார்த்த கேக்கலையேப்பா. அவன் எப்பிடி இதுல வருவான்?" என்றாய். அப்போது நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தாய். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

இன்னொரு நாள் நீ சொன்னதை நினைத்தால் அந்தப் பெருமை போய்விடுகிறது. "அப்பா, ஒங்க ஆளுங்க எல்லாரும் ராஜாகூட சண்ட போடுதாங்க. வீட்டுல சண்ட போட்ட ஆளு ஒருத்தர்கூட இல்ல, கவனிச்சீங்களா?" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெளிய பாரு, கன்னடியன் கால்வாய்ல தண்ணி எவ்வளவு போவுதுன்னு" என்றேன். நீயும் பார்த்தாய். சின்னப் பிள்ளையின் வாயை அடைக்க ஒரு கால்வாய் போதுமாக இருந்தது.

பகலில் அரசு அலுவலகத்தில் ஃபைல் தள்ளினாலும், சனி ஞாயிறுகளில் நான் பட்டிமன்றப் பேச்சாளன் என்பது ஊருக்கே தெரியும். தலைப்பு எதுவானாலும் கலகக்காரர்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அதில் கைதட்டல் நிச்சயம். முத்தாய்ப்பாக நம் தெய்வத்தையும் கொண்டுவருவேன். "பெற்ற வீட்டையே எதிர்த்து, காய்ந்த வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு உயிரைக் கொடுத்த ஒரு பெண்ணின் வம்சம் ஐயா நான்!" என்று நெஞ்சைத் தட்டுவேன். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு கூட்டத்துக்கு உன்னைக் கூட்டிப் போனேன். திரும்பும் வழியில் அமைதியாகக் கேட்டாய்: "அவ கன்னியாத்தான செத்தா? அவளுக்கு ஏதுப்பா வம்சம்? நாம அவளக் கொன்னவங்க வம்சம்லா?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நீ பெரிய வக்கீலா வருவ" என்றேன். அடுத்த வாரமே அம்பாசமுத்திரத்தில் மறுபடியும் அவள் வம்சம் என்று சொல்லி நெஞ்சைத் தட்டிவிட்டு, பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தேன்.

அவள் கதை உனக்குத் தெரியும். ஆனாலும் அதை ஒரு தடவையாவது முழுசாக நான் எழுதியாக வேண்டும், ஏனென்றால் மாற்றி எழுதிய கை இதுதான். மழை பொய்த்த ஒரு வருஷம், கால்வாயில் கொஞ்சம்தான் தண்ணீர். மேல்மடை வயல்கள் முழுக்க நம் வீட்டுடையவை. கடைமடையில் மற்றவர்களின் பயிர் கருகிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் மடையை அடைத்து, வீட்டுப் பையன்களையே காவலுக்கு உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு மதியக் கஞ்சி கொண்டுபோனவள் அவர்களுடைய கடைசித் தங்கை. அவர்கள் கஞ்சியைக் குடித்துவிட்டு மருத மரத்து நிழலில் கண்ணயர்ந்த நேரத்தில், அவள் மடைப்பலகையைத் தூக்கிவிட்டாள். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அண்ணன்மார் விழித்துக்கொண்டார்கள். மண்வெட்டியால் அடித்து அங்கேயே கொன்றார்கள். அவள் பெயரைக்கூட நம் வீட்டில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, மடைதிறந்தாள் என்று அவள் செய்த காரியம்தான் பெயராக நின்றது. பிறகு வீட்டில் பிள்ளை தங்கவில்லை, விளைச்சல் நிற்கவில்லை. குறி கேட்டு, கால்வாய்க் கரையில் பீடம் போட்டுக் கொடை கொடுக்கத் தொடங்கினார்கள். கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது. உச்சிவேளையில் வில்லுப்பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது புலவர் பாட்டை நிறுத்தி, "கொன்னது யாரு?" என்று கேட்பார். நம் வீட்டு மூத்த ஆண் எழுந்து நின்று, கடைமடைக்காரர்கள் எல்லோரும் கேட்க, "நாங்கதான்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பட்டுச்சேலை சாத்துவார்கள். அந்தப் பதில் இல்லாமல் கொடை கிடையாது.

அந்தக் கோவில் பந்தியில் நீ செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டும். சின்னதிலேயே உனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. தண்ணீருக்காகச் செத்தவளின் கொடையிலேயே நம் வீட்டாருக்கு முதல் பந்தி, கடைமடைக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. நீ பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டாய். நான் உன் கையைப் பிடித்து எழுப்பி, எல்லோரும் பார்க்க இழுத்து வந்தேன். "மானத்த வாங்குதியே" என்று திட்டினேன். சில வருஷம் கழித்து ஒரு மேடையில் பேச்சு கொஞ்சம் தொய்ந்தபோது, என் வாயில் அந்தக் கதை தானாக வந்தது. "சிறுவனாக இருந்தபோதே நான் கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்தவன்" என்று சொன்னேன். அன்று விழுந்த கைதட்டல் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு விழுந்ததில்லை. நீ முன்வரிசையில் இருப்பது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அந்தப் பையன் ரொம்ப நல்லவன்ப்பா" என்றாய். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் அடுத்த நாள் உனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தேன்.

போன சித்திரைக்கு வருகிறேன். ஏரலிலிருந்து உன்னைக் கேட்டு வந்த சம்பந்தம் நல்ல இடம். நீயும் அந்தப் பையனோடு போனில் பேசிவிட்டு, "பாக்கலாம்ப்பா, தப்பில்ல" என்று சொல்லியிருந்தாய். உன் வாயிலிருந்து வந்தால் அது பெரிய வார்த்தை. கொடைக்கு வந்து குடும்பத்தையும் கோவிலையும் பார்க்கிறோம் என்று அவர்கள் சொன்னதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பெண் கேட்டு வருகிறவர்கள் முன்னால் நான் எழுந்து நின்று, எங்கள் வீட்டுப் பெண்ணைக் கொன்றது நாங்கள்தான் என்று எப்படிச் சொல்வேன்? புலவரைக் கூப்பிட்டு விட்டேன். அண்ணன்மார் கொல்லவில்லை, எங்கிருந்தோ வந்த திருடர்கள் கொன்றுவிட்டார்கள், அண்ணன்மார் ஓடி வந்து அழுதார்கள் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அழும் இடத்தில் எதுகை எனக்கு நன்றாக வந்திருந்தது. கொடுப்பதற்கு முன்னால் அதை உன் அம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள், "கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு எப்பிடி இருக்குமோ" என்று பீடத்தை நினைத்துச் சொன்னாள். எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு அப்போதும் வெட்கம் வரவில்லை, உன்னிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கொடையன்று உச்சி வெயில். ஏரல்காரர்கள் முன்னால் நாற்காலியில். புலவர் என் வரிகளைக் குறைவில்லாமல் பாடினார். திருடர்கள் வந்தார்கள், வெட்டினார்கள், ஓடினார்கள். ஆனால் காலங்காலமாக நின்று பழகிய இடம் அல்லவா, உடுக்கைக்காரர் பழக்கத்தில் கையை நிறுத்திவிட்டார். குடமும் நின்றது. வில்லில் கட்டிய மணிகள் மட்டும் லேசாக ஆடி ஓய்ந்தன. கடைமடைக்காரர்கள் எல்லோரும் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து உன் குரல் வந்தது. நீ கத்தவில்லை, கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து நின்று, "நாங்கதான்" என்றாய்.

எழுந்தேன். எத்தனையோ மேடைகளில் எதிர்த்து நின்றவர்களுக்காகக் குரல் உடையப் பேசியவன், நேராக உன்னிடம் நடந்து வந்தேன். "ஏட்டி, வாய மூடு!" என்றேன். நீ மூடவில்லை. "யாராவது சொல்லணும்லாப்பா" என்றாய். அடித்தேன். பீடத்துக்கு முன்னால், அவளுக்கு வைத்திருந்த பட்டுச்சேலைக்கு முன்னால், முப்பதை எட்டப்போகும் மகளைக் கன்னத்தில் அடித்தேன். நீ அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நீ பீடத்தைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "அன்னைக்கும் இப்பிடித்தான்ப்பா நடந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, கால்வாய்க் கரை வழியாகவே ரோட்டுக்கு நடந்து போனாய். உன் பின்னால் உன் அம்மா ஓடினாள். நான் ஓடவில்லை. வந்தவர்களைக் கவனிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சம்பந்தம் நின்றுபோனதற்கு நீ காரணம் என்று ஊரில் சிலர் பேசினார்கள். நானும் மறுக்காமல் இருந்தேன். உண்மையை இப்போது சொல்கிறேன். பையனின் அப்பா, அந்த ஏரல்காரர், எனக்குப் போன் செய்தார். "எங்க வீட்டுலயும் ஒரு கன்னித் தெய்வம் உண்டு வே. கெணத்துல தவறி விழுந்தான்னு பாடுதோம். விழுந்தாளா, வேற எதுவுமானு நான் ஒருநாளும் கேட்டதில்ல. ஒம்ம மக கேக்குத பிள்ள. அவ எங்க வீட்டுக்கு வந்தா நல்லதுன்னுதான் நெனச்சேன்" என்றார். பிறகு, "அந்தக் கத எங்கள வெரட்டல வே. ஒம்ம கைதான் வெரட்டிச்சு. எம் பொஞ்சாதி பயந்துட்டா" என்று வைத்துவிட்டார். இதை நான் உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன் மேல் பழி விழுந்தபோது அதை விழட்டும் என்று விட்ட அப்பன் நான். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இன்னும் கூசும்.

அந்த பஸ் விளையாட்டை இந்த ஒரு வருஷத்தில் நான் தனியாக நிறைய விளையாடிப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள். ஒன்று புத்தகத்தில் இருக்கிறார்கள், இல்லாவிட்டால் கல்லாக இருக்கிறார்கள். அவர்கள் வந்து நம் வீட்டுப் பந்தியில் எந்த இடத்தில் உட்காருவது என்று கேட்க மாட்டார்கள். மாலை போடலாம், மேடையில் பேசலாம், நம் சொந்தக்காரர் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். உயிரோடு ஒருத்தி என் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் செய்ததைத் திருடிப் பேசினேன், கடைசியில் அடித்தேன். உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். யாராவது உன்னிடம் தனக்குப் பிடித்த கலகக்காரர்களைப் பற்றி உருக உருகப் பேசினால், அவர் வீட்டில் அவரை எதிர்த்துப் பேசுவது யார், அவர்களுக்கு அங்கே என்ன மரியாதை என்று விசாரித்துக்கொள். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து உன்னையே எதிர்த்து நின்றால், ஜன்னலுக்கு வெளியே கால்வாயைக் காட்டாதே.

நேற்று புலவருக்குப் போன் செய்து, "பழசையே படியும் வே" என்று சொல்லிவிட்டேன். "சரி அண்ணாச்சி. கேள்வி உண்டுலா?" என்றார். உண்டு என்றேன். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். அது எப்போதோ எங்கேயோ போய்விட்டதாம். உன் அம்மாவிடம் ஏரல்காரர் சொன்னதையும் நேற்றுதான் சொன்னேன். அவள், "மேடையில அம்புட்டுப் பேசுதீங்க. பெத்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்த வரமாட்டேங்குது" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். இந்த வருஷம் பந்தியை ஒன்றாகப் போட வேண்டும் என்றும் கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யார் யோசனை என்று கேட்டார்கள். என் மகள் யோசனை, சின்ன வயதிலேயே சொன்னது, நான்தான் கேட்கவில்லை என்றேன். இந்தத் தடவை அதை உன் பெயரிலேயே சொன்னேன்.

கொடை சித்திரை கடைசிச் செவ்வாய்க்கிழமை. நீ வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வரக்கூடாது என்று நீ நினைத்தால் அதுவும் சரிதான். நீ வந்தால்தான் சொல்வேன் என்று பேரம் பேசவும் இல்லை. நீ இல்லாவிட்டாலும் இது நடக்கும், அம்மா உனக்குப் போனில் சொல்லுவாள். உச்சிவேளையில் புலவர் பாட்டை நிறுத்தி, "கொன்னது யாரு?" என்று கேட்பார். எழுந்து நின்று "நாங்கதான்" என்று சொல்வேன். சேலை சாத்துவதற்காக அவர் அடுத்த அடியை எடுக்கப் போவார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லப்போகிறேன். ஏரல்காரரையும் வரச்சொல்லித் தகவல் அனுப்பியிருக்கிறேன், அவர் வந்தால் அவர் முன்னாலும், கடைமடைக்காரர்கள் முன்னாலும், அவள் முன்னாலும் சொல்லப்போகிறேன்: "போன வருசம் இதே எடத்துல, நெசத்தச் சொன்ன எம் மகள அடிச்சது யாருன்னு ஒருத்தரும் என்னக் கேக்கல. கேக்காட்டாலும் சொல்லுதேன். நான்தான்."

அப்பா